திறப்புவிழாவுக்கு மறுநாள்

1

அமெரிக்காவின் இரண்டு நகரங்களில், இரண்டு அரசுக் கட்டடங்களின் முன்னால், ஒரே வகை எஃகில் செய்த இரண்டு சிற்பங்கள் நிறுத்தப்பட்டன. ஒன்று சிகாகோவில், 1967இல். மற்றது நியூயார்க்கில், 1981இல். இரண்டையும் செய்தவர்கள் பெரும் பெயர் பெற்ற கலைஞர்கள். இரண்டையும் முதலில் பார்த்த உள்ளூர்க்காரர்களில் பலர் கேட்டதை நம்மூர் மொழியில் சொன்னால், "என்னய்யா இது?" என்பதுதான். இன்று சிகாகோ சிற்பம் அந்த நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. நியூயார்க் சிற்பத்தை எட்டாவது ஆண்டில் ஓர் இரவில் பிரித்தெடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். முதல் பதில்: அது நல்ல கலை, இது மோசமான கலை. இரண்டாவது பதில்: மக்களைக் கேட்காமல் வைத்தால் இப்படித்தான் ஆகும். முதல் பதில் கலை ரசிகர்களுக்கு வசதியானது, ரசனையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது பதில் அதிகாரிகளுக்கு வசதியானது, ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் போதும் என்று ஆகிவிடுகிறது. ஆனால் சிகாகோவில் யாரும் மக்களைக் கேட்கவில்லை. இன்னும் சொன்னால், நியூயார்க்கில்தான் பின்னால் மக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் சிற்பம் போனது.

பொதுக் கட்டடங்களுக்காகச் செய்யப்படும் கலையைப் பற்றிப் பேசும்போது படைத்தவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பணித்தவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. பணித்தவர் என்று நான் சொல்வது, 'இங்கே ஒரு கலைப்படைப்பு வேண்டும்' என்று முடிவெடுத்து, கலைஞரைத் தேர்ந்து, காசு கொடுத்து, இடம் ஒதுக்கிய அமைப்பை. மேற்கண்ட இரண்டு சிற்பங்களின் கதையையும், அவற்றோடு டெல்லியில் நிற்கும் ராம்கிங்கர் பைஜின் இரண்டு சிற்பங்களின் கதையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு படைப்பின் ஆயுளை அதிகமாகத் தீர்மானிப்பது இந்தப் பணித்தவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் அவர் திறப்புவிழாவுக்கு முன்னால் செய்வதைவிட, மறுநாளிலிருந்து செய்வது.

2

நமக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொதுவெளிக் கலை என்றால் சிலை. சிலை என்றால் தலைவர். ஆகவே நம் சண்டைகள் எல்லாம் யாருடைய சிலை, எந்த இடத்தில், எவ்வளவு உயரம், திறந்து வைப்பது யார் என்பதைப் பற்றியவை. அந்தச் சிலை ஒரு சிற்பமாக எப்படி இருக்கு என்று கேட்டு நடந்த சண்டை ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. தலைவர் சிலைக்கு ஒரே தேர்வுதான், ஜாடை. மூக்கும் கண்ணாடியும் சரியாக வந்துவிட்டால் பாஸ்.

மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை ஒரு விதிவிலக்கு. அதில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. பாறையை நகர்த்தப் போராடும் நான்கு உடல்கள், அவ்வளவுதான். பெயர் இல்லாததால் நாம் முதுகைப் பார்க்கிறோம், தொடையைப் பார்க்கிறோம், பாறையின் எடையை உணர்கிறோம். அதாவது சிற்பத்தைப் பார்க்கிறோம்.

ஜாடை என்ற தேர்வு இல்லாதபோது ஒரு படைப்பை எப்படி ஏற்றுக்கொள்வது, எப்படி நிராகரிப்பது? இந்தக் கேள்வி எனக்கு என் தொழிலிலிருந்து வருகிறது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் வாடிக்கையாளர் முதலில் ஒரு தேவைப் பட்டியல் தருவார். கடைசியில் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இரண்டுக்கும் நடுவே நாங்கள் செய்வது பட்டியலில் இருப்பதை மட்டுமல்ல என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் பட்டியல் ஒரு பிடிமானம். கலைக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதினால் அது 'நகரத்தின் பண்பாட்டையும் முன்னேற்றத்தையும் பிரதிபலிக்க வேண்டும்' என்பது மாதிரிதான் இருக்கும். அந்த வாக்கியத்தை வைத்து எதையும் ஏற்றுக்கொள்ளலாம், எதையும் தூக்கி எறியலாம்.

இதற்குப் பல நாடுகள் கண்டுபிடித்த வழி, கேள்வியைப் பணக்கணக்காக மாற்றிவிடுவது. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் கலைக்கு என்று விதி. அமெரிக்க நகரங்களில் முதலில் பிலடெல்பியா 1959இல் இதைச் சட்டமாக்கியது. அந்நாட்டு மத்திய அரசுக் கட்டடங்களுக்கு அரை சதவீதம் என்ற கணக்கு இருந்தது. (நம்மூரில் 'கட்டடச் செலவில் சதவீதம்' என்றால் நினைவுக்கு வருவது வேறு, அதை விடுங்கள்.) நல்ல விதிதான், கலைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் அந்த விதி 'எவ்வளவு' என்பதற்கு மட்டுமே பதில் சொல்கிறது. 'எதற்கு' என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

3

சிகாகோவின் சிவிக் சென்டர் 1965இல் கட்டி முடிக்கப்பட்டது. நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் இருக்கும் உயர்ந்த கோபுரம். வெளிப்புறம் முழுக்க கார்-டென் எஃகு. இந்த எஃகுக்கு ஒரு விசேஷம் உண்டு. மேற்பரப்பில் பிடிக்கும் துருவே உள்ளே இருக்கும் எஃகைக் காக்கும் தோலாக மாறிவிடும், பெயின்ட் அடிக்க வேண்டாம். கட்டடத்தின் முன்னால் பெரிய வெற்று முற்றம். அதில் ஒரு சிற்பம் வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் ஹார்ட்மன் 1963இல் பிரான்சுக்குப் போய் பிக்காசோவைச் சந்தித்தார். சிகாகோ பேஸ்பால் அணியின் சட்டை உட்பட விதவிதமான பரிசுகளோடு மீண்டும் மீண்டும் போய் அவரைச் சம்மதிக்க வைத்தார். பிக்காசோ 1965இல் சிறிய உலோக மாதிரி ஒன்றைச் செய்து முடித்தார். 1,00,000 டாலர் சன்மானம் தருவதாகச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை, நகர மக்களுக்கு என் பரிசு என்றார்.

அந்த மாதிரியை வைத்து 50 அடி உயரத்தில், 162 டன் எடையில், பக்கத்து இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் செய்தார்கள். செலவு ஏறத்தாழ 3,52,000 டாலர். பெரும்பகுதியை அறக்கட்டளைகள் கொடுத்தன. 1967 ஆகஸ்ட் 15 அன்று மேயர் ரிச்சர்ட் டேலி திரையை விலக்கினார். கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ் அந்த விழாவுக்காக எழுதிய கவிதையை வாசித்தார். கூட்டம் வாயைப் பிளந்தது. நாயா, குரங்கா, பெண்ணா, பறவையா? பத்தி எழுத்தாளர் மைக் ராய்கோ கிண்டலடித்தார். நகரமன்ற உறுப்பினர் ஒருவர், இதைத் தூக்கிவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸின் சிலையை வைக்கலாம் என்று முன்மொழிந்தார். பாருங்க, அங்கேயும் ஜாடைதான்.

சிற்பத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு நீண்ட முகம், நெருக்கமாக இரண்டு கண்கள், இருபுறமும் சிறகு போலவோ விரித்த கூந்தல் போலவோ இரண்டு பெரிய தகடுகள். நாலடி நகர்ந்தால் முகம் கலைந்துபோகிறது. தகடுகளுக்கு நடுவே வீணைத் தந்திகள் மாதிரி கம்பிகள், கம்பிகளுக்கு நடுவே வானம். 162 டன் இருந்தாலும் பெரும்பாலும் காற்றால் ஆனது. பின்னால் நிற்கும் கோபுரமும் அதே பழுப்பு நிறத்தில் இருப்பதால், கட்டடத்தின் விறைப்பான பெரியப்பாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கிறுக்குத்தனமான சித்தப்பா நிற்பது போல இருக்கிறது. அதைவிட முக்கியம், அதன் அடிப்பகுதி தரையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. திறந்த சில நாட்களிலேயே குழந்தைகளுக்கு அது சறுக்குமரம் ஆகிவிட்டது.

நான் வேலை பார்த்த ஒரு ஐடி வளாகத்தின் வாசலில் பளபளவென்று ஓர் எஃகு உருண்டை உண்டு. அதன் கீழே ஒரு கல்வெட்டில் புதுமை, தொடர்ச்சி என்று ஏதோ எழுதியிருக்கும். அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் அதை 'லட்டு' என்பார்கள். "லட்டு கிட்ட நில்லு, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்." அந்த உருண்டை பெரிய கலை ஒன்றும் இல்லை. ஆனாலும் பட்டப்பெயர் வைத்த அன்றைக்கு அது நிறுவனத்திடமிருந்து எங்களிடம் வந்துவிட்டது. பிக்காசோ தன் சிற்பத்துக்குத் தலைப்பே வைக்கவில்லை. சிகாகோக்காரர்கள் அதை 'பிக்காசோ' என்றே கூப்பிடுகிறார்கள், "பிக்காசோ கிட்ட நில்லு" என்கிற மாதிரி.

இந்தக் கைமாற்றத்துக்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. கட்டட ஆணையம் சிற்பத்துக்குக் காப்புரிமை கோரியது. 1970இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாதிரியைக் காப்புரிமைக் குறிப்பு இல்லாமல் பொதுவில் காட்டியிருக்கிறீர்கள், படங்களைத் தாராளமாகப் பரப்பியிருக்கிறீர்கள், அன்றைய சட்டப்படி இது இனி பொதுச்சொத்து என்றது. விற்கலாம், வரையலாம், பொம்மை செய்யலாம். எங்கள் மொழியில் சொன்னால் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டது, அதுவும் எழுதியவர்கள் திட்டமிடாமலே.

ஆனால் இந்த இனிப்பான கதையில் ஒரு கசப்பு உண்டு. இது எதுவும் மக்களாட்சி முறைப்படி நடக்கவில்லை. ரிச்சர்ட் டேலி இருபது ஆண்டுகளுக்கு மேல் சிகாகோவைத் தன் கட்சி இயந்திரத்தின் பிடியில் வைத்திருந்தவர். நவீன கலையில் அவருக்குப் பெரிய ஈடுபாடு ஒன்றும் இல்லை. வல்லுநர்கள் நல்லது என்றார்கள், சரி என்றார். கிண்டல் வந்தது, அசையவில்லை. அவர் அசையாமல் இருந்ததால்தான் குழந்தைகளுக்குச் சறுக்கிப் பழக நேரம் கிடைத்தது. ஒரு சர்வாதிகாரத்தனமான பிடிவாதம் ஒரு மக்கள்சொத்தை உருவாக்கியிருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

4

நியூயார்க் கதை நேர் எதிர். மன்ஹாட்டனில் ஜேகப் ஜாவிட்ஸ் மத்திய அரசுக் கட்டடம், 41 மாடி. அமெரிக்க அரசின் பொதுச் சேவை நிர்வாகம் என்ற துறை, முறைப்படி வல்லுநர் குழு வைத்து, 1979இல் ரிச்சர்ட் செராவைத் தேர்ந்தெடுத்தது. செரா இளம் வயதில் எஃகு ஆலைகளில் வேலை செய்தவர். பிக்காசோ சிகாகோவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. செரா அந்த முற்றத்தில் மக்கள் எப்படி நடக்கிறார்கள், எந்த வாசலிலிருந்து எங்கே போகிறார்கள் என்பதையெல்லாம் கூர்ந்து ஆராய்ந்தார். இடத்தை அறிந்தவரின் சிற்பம் போய்விட்டது, இடத்துக்கே வராதவரின் சிற்பம் நிற்கிறது. 'மண்ணின் தன்மையை உணர்ந்து படைக்க வேண்டும்' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செரா செய்தது 'டில்டட் ஆர்க்', சாய்ந்த வில். 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலத் தடிமன் கொண்ட கார்-டென் தகடு. லேசாக வளைந்து, லேசாகச் சாய்ந்து முற்றத்தைக் குறுக்கே வெட்டி நின்றது. 1,75,000 டாலர். அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். நடக்க நடக்க வளைவு மாறும், முற்றம் திறக்கும், மூடும். தினமும் யோசிக்காமல் கடக்கும் இடத்தை உங்கள் உடம்பு யோசித்துக் கடக்க வேண்டும் என்பதுதான் செராவின் எண்ணம். அதிகாரத்தின் வாசலில் அதிகாரத்தை அலங்கரிக்க மாட்டேன் என்ற நிலைப்பாடும் அதில் இருந்தது.

நிறுவிய சில மாதங்களில் அகற்றச் சொல்லி 1,300 பேர் கையெழுத்திட்டார்கள். அந்த வளாகத்திலேயே இருந்த நீதிபதி எட்வர்ட் ரே கடிதம் எழுதினார். எலி பெருகுகிறது, கிறுக்கி வைக்கிறார்கள், மதியம் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை என்று புகார்கள். குண்டு வெடித்தால் அதன் வீச்சை இந்தத் தகடு கட்டடத்தின் பக்கம் திருப்பிவிடும் என்றுகூட ஒரு பாதுகாப்பு அலுவலர் சொன்னார்.

என் தலைமுறையில் யாரும் இந்தச் சிற்பத்தை நேரில் பார்த்திருக்க முடியாது. புகைப்படங்கள்தான் இருக்கின்றன. அவற்றில் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். முற்றத்தின் தரையில் வட்ட வட்டமாகப் பதித்த கோடுகளை எதிர்த்து, ஒரே இழுப்பில் போட்ட கறுத்த வளைகோடு. தரையிலிருந்து எடுத்த படங்களில் அது ஒரு சுவர். நாம் ரசிப்பது முதல் வகைப் படம், அங்கே வேலை பார்த்த எழுத்தர் மதியம் டப்பாவோடு வந்து பார்த்தது இரண்டாவது. பொதுக்கலைக்கான தேர்வுக் குழுக்கள் எங்கே கூடினாலும் மாதிரியை மேசைமேல் வைத்துத்தான் பார்க்கின்றன. மேசைமேல் இருக்கும் எதையும் நாம் மேலிருந்துதான் பார்ப்போம். எந்த நகரவாசியும் தன் நகரத்தை அந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை.

1985 மார்ச்சில் மூன்று நாள் விசாரணை நடந்தது. 180 பேர் பேசினார்கள். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் கொண்ட குழு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்துவிடலாம் என்றது. குழுவுக்குத் தலைமை தாங்கிய வட்டார நிர்வாகி வில்லியம் டயமண்ட், அதற்கு முன்பே அகற்றும் பக்கம் வெளிப்படையாக நின்றவர். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்ற யோசனையை செரா ஏற்கவில்லை. அந்த இடத்துக்காகவே செய்தது, இடம் மாறினால் அது அந்தப் படைப்பே அல்ல என்பது அவர் வாதம். நீதிமன்றம் போனார், தோற்றார். நீங்கள் அதை அரசுக்கு விற்றுவிட்டீர்கள், ஆகவே அது அரசின் உடைமை, வைப்பதும் எடுப்பதும் அதன் விருப்பம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1989 மார்ச் 15 இரவு பிரித்தெடுத்தார்கள்.

அகற்றியது தவறு என்பதே என் கருத்து. அதே சமயம் அந்த ஊழியர்களின் கோபம் நியாயமானது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். சன்னல் திறக்க முடியாத 41 மாடிக் கட்டடம், கீழே நிழலோ நல்ல இருக்கையோ இல்லாத முற்றம். இவை பற்றி யாரிடம் புகார் செய்வது? கட்டடத்தை எடுங்கள் என்று மனு போட முடியுமா? அங்கிருந்த எல்லாவற்றிலும் எடுக்கக் கூடியதாக இருந்தது அந்த ஒரு தகடுதான். கட்டடத்தின் மேல் இருந்த கோபம் முழுக்க அதன்மேல் இறங்கியது. கலை ஆதரவாளர்கள் பலர் அந்தக் கோபத்தை அறியாமை என்றார்கள். தினமும் அங்கே சாப்பிட வேண்டியவர்களை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் உண்மையில் கைவிட்டது பணித்தவர். செராவை அழைத்த துறைக்குள் இரண்டு ஆண்டில் ஆட்சி மாறியது, ஆட்கள் மாறினார்கள். ஏன் இவரைத் தேர்ந்தோம், எதற்காக இந்த இடத்தில் இப்படி ஒன்று என்று மக்களிடம் போய்ப் பேச, அந்தத் துறையின் சார்பில் ஒருவர்கூட வலுவாக நிற்கவில்லை. பக்கத்தில் நாலு பெஞ்சு போட்டிருந்தால்கூடக் கதை மாறியிருக்கலாம். மென்பொருளில் இது தினசரி நடப்பது. தேவைப் பட்டியலை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வந்தவர் "இது யார் கேட்டது?" என்பார். யாரும் பதில் சொல்லாவிட்டால் அடுத்த வெளியீட்டில் அது இருக்காது.

பிறகு அதே முற்றத்தில் மார்த்தா ஷ்வார்ட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் பச்சை நிறத்தில் சுழன்று சுழன்று போகும் பெஞ்சுகளையும் புல்மேடுகளையும் அமைத்தார். மக்கள் உட்கார்ந்தார்கள், பாராட்டினார்கள். இன்று அதுவும் அங்கே இல்லை. மக்களுக்குப் பிடித்ததும் போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிடிப்பதும் பிடிக்காததும் மட்டும் ஒன்றைக் காப்பாற்றுவதில்லை.

5

இந்தியாவில் இதே கேள்வி 1950களில் எழுந்தது. ரிசர்வ் வங்கி டெல்லி, மெட்ராஸ், நாக்பூர் ஆகிய ஊர்களில் புதிய அலுவலகங்களைக் கட்டத் தொடங்கியிருந்த காலம். பொதுக் கட்டடங்களில் இந்தியக் கலைஞர்களுக்கு இடம் தர வேண்டும், கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் தொகை சிறிது என்று நேரு சொன்னார். வங்கி, கலை விமர்சகர் கார்ல் கண்டாலாவாலாவின் ஆலோசனையைக் கேட்டது. டெல்லி அலுவலக வாசலின் இருபுறமும் பெரிய சிற்பங்கள் வைக்கலாம், ஒன்று 'தொழில்வழி வளம்', மற்றது 'வேளாண்மைவழி வளம்' என்றார் அவர். ஒன்பது கலைஞர்களை அழைத்தார்கள், ஐந்து பேர் மாதிரி அனுப்பினார்கள், ராம்கிங்கர் பைஜின் மாதிரி மட்டும் தேறியது.

ஐந்தாண்டுத் திட்ட போஸ்டர் மாதிரி இருக்கிறது இல்லையா அந்தத் தலைப்புகள்? டிராக்டர், புகைபோக்கி, கதிர் அரிவாளோடு புன்னகைக்கும் பெண் என்று யாரும் செய்திருப்பார்கள். ராம்கிங்கர் 1938இல் சாந்திநிகேதனில் சிமென்டையும் செம்புறைக்கல் சரளையையும் குழைத்து 'சந்தால் குடும்பம்' செய்தவர். கூடையில் குழந்தையும் நாயுமாக ஊர் மாறிப் போகும் ஆதிவாசிக் குடும்பத்தை, தலைவர்களுக்கு ஒதுக்கும் அளவில் செய்தவர். அவர் 'வளம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டு பின்னால் போனார். மதுரா அருங்காட்சியகத்தில் இருக்கும் பார்க்கம் யட்சன், கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கும் பெஸ்நகர் யட்சி. யட்சர்களின் அரசன் குபேரன், செல்வத்தின் காவலன். மத்திய வங்கிக்கு இதைவிடப் பொருத்தமான வாயிற்காவலர் யார்?

நமக்கு வாயிற்காவலர் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது, அது காலடியில் கிடக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவரே வியந்து கைகாட்டும் இறைவன் எவ்வளவு பெரியவர் என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். வாசலில் நிற்கும் சிற்பத்துக்கு ஒரு வேலை உண்டு. உள்ளே இருப்பது என்ன என்று வெளியே இருப்பவருக்குச் சொல்வது. செரா அந்த வேலையைச் செய்ய மறுத்தார். பிக்காசோ உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலையே படாமல் வெளியே இருப்பவர்களோடு விளையாடினார். ராம்கிங்கர் வேலையை ஒப்புக்கொண்டு, அதைத் தன் வழியில் செய்தார்.

யட்சனின் ஒரு கையில் பற்சக்கரம், இன்னொன்றில் பணமூட்டை. எனக்கு இந்த இடம்தான் பலவீனமாகத் தெரிகிறது. பணியாணை பேசும் இடம் அது. சக்கரத்தை எடுத்துவிட்டாலும் அந்த உருவத்துக்குக் குறை ஒன்றும் வராது. பணியாணை எதுவும் சொல்லாத இடத்தில், கல்லின் கனத்தில், நேர்ப்பார்வையில், உளித்தடத்தை மழித்து மெருகேற்றாமல் விட்ட பரப்பில்தான் சிற்பி இருக்கிறார். யட்சியின் இடுப்பும் அடிவயிறும் வளம் என்ற சொல்லுக்குத் தரும் பொருள், எந்தத் திட்ட அறிக்கையும் தர முடியாதது.

அந்த உடம்புதான் பிரச்சனையும் ஆனது. காங்ரா பள்ளத்தாக்கிலிருந்து பெரும் கற்களைக் கொண்டுவந்து, ஏறக்குறைய பத்தாண்டு இழுத்து, 1960களில் வேலை முடிந்தபோது, ஆடையற்ற பெண் சிலை எதற்கு என்று மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. இந்த இடத்தில் வங்கி என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். திரை போட்டிருக்கலாம். 'பராமரிப்பு' என்று சொல்லிப் பின்பக்கம் நகர்த்தியிருக்கலாம். நம் அலுவலகங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. எதுவும் செய்யவில்லை. யட்சி நின்ற இடத்திலேயே நின்றாள். வங்கியின் அதிகாரிகளுக்கு ராம்கிங்கரின் அழகியல் புரிந்ததா என்பது முக்கியமில்லை. டேலிக்குப் பிக்காசோ புரிந்ததா என்ன? கேட்டு வாங்கியது நாங்கள், ஆகவே நிற்கும் என்ற நிலையை எடுத்தார்கள், அது போதுமாக இருந்தது.

ஆனாலும் டெல்லிக் கதையை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடாளுமன்றச் சாலையில் போகிறவர்கள் அந்த இருவரையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கிறார்கள். யட்சியின் காலடியில் யாரும் காத்திருப்பதில்லை, பட்டப்பெயர் இல்லை, சறுக்குமரம் இல்லை. பணித்தவர் காப்பாற்றினார், கைமாற்றவில்லை. கோயில் துவாரபாலகரின் கால்விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கேற்றியிருப்பார்கள் நம் ஆட்கள். ராம்கிங்கரின் கல்லுக்கு அந்தப் பிசுக்கு கிடைக்கவில்லை.

6

ஆக, பணித்தவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. முதல் சில ஆண்டுகளின் கிண்டலையும் கோபத்தையும் தாங்கி நிற்பது ஒன்று. அந்த நேரத்தில் மக்கள் அதைத் தொட, ஏற, உட்கார, பெயர் வைக்க வழிவிடுவது மற்றொன்று. சிகாகோவில் இரண்டும் நடந்தன, இரண்டாவது தற்செயலாக. டெல்லியில் முதலாவது மட்டும். நியூயார்க்கில் இரண்டுமே இல்லை.

முதல் வேலைக்கு ஒரு டேலிதான் வேண்டும் என்றால் அது ஆபத்தான முடிவு. தனிமனிதப் பிடிவாதம் நல்ல சிற்பத்தையும் காக்கும், கோரமான சிலையையும் காக்கும். அதற்குப் பதில் காகிதத்தில் எழுதி வைக்கலாம். இத்தனை ஆண்டுக்கு இதை அகற்றுவது பற்றிப் பேசக் கூடாது, அதுவரை ஆண்டுதோறும் இந்தப் பொறுப்பில் இருப்பவர் இங்கே வந்து மக்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், சுற்றியிருக்கும் இடத்தைச் சரிசெய்ய இவ்வளவு பணம் தனியாக இருக்கும், அதன் பிறகு வேண்டுமானால் முடிவெடுக்கலாம் என்று. மென்பொருள் ஒப்பந்தங்களில் பராமரிப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. சிற்பத்துக்குப் பராமரிப்பு என்றால் கழுவித் துடைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே அதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு ஒரு நினைவு போதும். சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றம், தலைமைச் செயலகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டபோது கோபுரக் கூரை வேலை முடிந்திருக்கவில்லை. விழாவுக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒரு கூரையை வடிவமைத்துக் கொடுத்தார். சினிமா செட் போடும் கைத்திறன், தூரத்திலிருந்து பார்க்க அசல் மாதிரியே இருந்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியது. 2014இல் அந்தக் கட்டடம் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. யார் செய்தது சரி என்ற அரசியல் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு பொதுக் கட்டடத்துக்காக ஒரு கலைஞரிடம் நாம் கேட்டு வாங்கியது ஒரு நாளைக்கான கூரை என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் கேட்டதைச் சரியாகவே செய்து கொடுத்தார்.

நூலகம், பேருந்து முனையம், மெட்ரோ நிலையம் என்று புதுசு புதுசாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவரில் ஓவியம் வருகிறது, வாசலில் உலோக உருவம் வருகிறது. அடுத்த முறை ஒன்றைப் பார்க்கும்போது 'இது நல்லா இருக்கா' என்பதோடு, 'இதை யார் கேட்டது, ஐந்து வருஷம் கழித்து அவர் எங்கே இருப்பார்' என்றும் கேட்டுப் பார்க்கலாம். கல்வெட்டில் திறந்து வைத்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்காது.

செரா 2024இல் இறந்துபோனார். டில்டட் ஆர்க்கின் துண்டுகள் அரசுக் கிடங்கில்தான் கிடக்கின்றன. வேறெங்கும் நிறுத்தக் கூடாது என்பது அவர் வாக்கு, பழைய இடத்தில் நிறுத்த அரசுக்கு மனமில்லை. அதை உருக்கவும் யாரும் துணியவில்லை. கார்-டென் எஃகுக்கு மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால்தான் அந்தக் காக்கும் துரு சீராகப் பிடிக்கும். கிடங்கில் அதுவும் கிடைக்காது.